சம்பளம் குறைந்தபின் வீட்டுக் கடனைக் கூட்டிக் கேட்க முன்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீடு. வங்கிக் கடனில் வாங்கியது, பல வருடங்களாகத் தவணை பிந்தாமல் கட்டிவருவது. இப்போது வீட்டில் இருவரில் ஒருவருக்கு வேலை போய்விட்டது, அல்லது கம்பனி சம்பளத்தை வெட்டிவிட்டது, அல்லது புறக்கோட்டைக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. இந்த நேரத்தில் பலருக்கும் முதலில் வரும் யோசனை ஒன்றுதான்: வீட்டின் விலை ஏறியிருக்கிறதே, அதே ஈட்டின்மேல் இன்னும் ஒரு 15 இலட்சம் எடுத்தால் சமாளித்துவிடலாமே. வங்கியில் இதை டொப் அப் என்பார்கள்.

கேட்கலாம், பிழையில்லை. ஆனால் கேட்கும் ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் இருக்கிற தவணையை இறக்கித் தரும்படி கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் துண்டு விழும் தொகை எவ்வளவோ, அவ்வளவை மட்டும், தனிக் கடனாக, குறுகிய காலத்துக்கு எடுக்க வேண்டும். புதுக் காசைப் பழைய நீண்ட கடனோடு கலந்துவிடுவதுதான் கொழும்பில் பல குடும்பங்களை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது.

சுவரில் 54 இலட்சம், சம்பளத்தில் 7 இலட்சம்

வங்கி இரண்டு அளவுகோலால் அளக்கும். ஒன்று வீடு, மற்றது வருமானம். இரண்டிலும் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. வீட்டு விலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கடனில் மீதி 80 இலட்சம், இன்னும் 12 வருடம், வட்டி 12 வீதம். மாதத் தவணை ஏறத்தாழ 105,000 ரூபா. மதிப்பீட்டாளர் வீட்டுக்கு 240 இலட்சம் போட்டார் என்று வைப்போம். வங்கி அந்தத் தொகையில் கடன் கொடுக்காது. அவசரத்துக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒரு பெறுமதியும் அதே அறிக்கையில் இருக்கும், போர்ஸ்ட் சேல் வேல்யூ என்பது அதுதான். அது 80 வீதம் என்றால் 192 இலட்சம். அதில் 70 வீதம்தான் தருவோம் என்று வங்கி சொன்னால் 134 இலட்சம். மீதிக் கடன் 80 இலட்சத்தைக் கழித்தால் 54 இலட்சம் இடம் இருக்கிறது. இந்த வீதங்கள் வங்கிக்கு வங்கி மாறும், கணக்கின் ஓட்டம் மாறாது.

இப்போது வருமானம். முன்பு இருவருமாகக் கைக்கு 280,000 வந்தது, இப்போது 190,000. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்தில் 60 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த வங்கியின் விதி என்று கொள்வோம். 40, 50 வீதத்தோடு நிறுத்துகிற வங்கிகளும் உண்டு. 190,000இல் 60 வீதம் 114,000. ஏற்கெனவே 105,000 போகிறது. மிஞ்சுவது 9,000 ரூபா. மாதம் 9,000 ரூபாவைத் தாங்கக்கூடிய புதுக் கடன், 12 வருடத்துக்கு, ஏறத்தாழ 7 இலட்சம். அவ்வளவுதான். பழைய சம்பளம் இருந்தபோது இதே கணக்கில் 48 இலட்சம் வந்திருக்கும்.

இந்த 9,000உம் முழுதாகக் கையில் நிற்காது. வான் அல்லது காருக்குக் கட்டும் லீசிங் இதில் கழியும். கடன் அட்டையில் ஒரு சதம் பாவிக்காவிட்டாலும் அதன் எல்லைத் தொகையில் ஒரு பங்கை மாதச் செலவாகப் போடுகிற வங்கிகள் இருக்கின்றன. ஆகவே மேசையறைக்குள் சும்மா கிடக்கிற இரண்டாவது, மூன்றாவது அட்டைகளை விண்ணப்பத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எழுத்தில் மூடி, மூடியதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். மச்சானின் லீசிங்குக்குப் பிணையாளராகப் போட்ட கையெழுத்தும் உங்கள் கிரிப் அறிக்கையில், அதாவது உங்கள் கடன்களைப் பற்றிக் கொடுகடன் தகவல் பணியகம் வைத்திருக்கும் அறிக்கையில், வரும். அவர் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதை விண்ணப்பிக்க முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கச் சங்கடம்தான். ஆனால் அந்தத் தகவலை வங்கி உத்தியோகத்தரின் வாயால் கேட்பது அதைவிடச் சங்கடம்.

15 இலட்சத்தின் உண்மையான விலை

வருமானம் போதாது என்று தெரிந்ததும் வங்கி சொல்லும் வழி, அல்லது நீங்களே கேட்கும் வழி, காலத்தை நீட்டுவது. 80 இலட்சத்தோடு 15 இலட்சத்தைச் சேர்த்து 95 இலட்சமாக்கி, 12 வருடத்தை 18 வருடமாக நீட்டினால் தவணை 107,500 ரூபா. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாதான் கூடுகிறது, கையில் 15 இலட்சம் வருகிறது. கேட்கும்போது நல்ல ஏற்பாடு மாதிரியே இருக்கும்.

மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். பழைய கடனை அப்படியே விட்டிருந்தால் 144 தவணைகளில் 151 இலட்சம் கட்டி முடித்திருப்பீர்கள். புதிய ஏற்பாட்டில் 216 தவணைகளில் 232 இலட்சம் கட்டுகிறீர்கள். வித்தியாசம் 81 இலட்சம். கைக்கு வந்தது 15 இலட்சம். மிச்சம் 66 இலட்சமும் வட்டி. அதில் பெரும்பங்கு புது 15 இலட்சத்துக்கு உரியதுகூட இல்லை. பழைய 80 இலட்சத்தை ஆறு வருடம் கூடுதலாகச் சுமப்பதற்கான வட்டி அது.

அதே 15 இலட்சத்தை அதே 12 வீதத்தில் தனியாக ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் 33,400 கட்ட வேண்டும், மொத்த வட்டி 5 இலட்சம். இந்தத் தவணை பாரம்தான், குறைந்த சம்பளத்தில் வங்கி அனுமதிக்காமலும் போகலாம். அனுமதிக்காவிட்டால் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும்: இப்போதைய வருமானம் 15 இலட்சத்தைத் தாங்காது. காலத்தை நீட்டி அதைத் தாங்குவதுபோலக் காட்டலாம், வருமானம் அதனால் கூடப்போவதில்லை.

இன்னொரு பக்கத்தால் பார்ப்போம். இந்தக் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு காசு வேண்டும்? ஒரு மாலை உட்கார்ந்து, சாமான், மின்சாரம், தண்ணீர், பிள்ளைகளின் பாடசாலை வான், ரியூஷன், மருந்து, தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்ததில் மாதம் 115,000 வருகிறது என்று கொள்வோம். 190,000இல் தவணை போக மிஞ்சுவது 85,000. துண்டு விழுவது மாதம் 30,000. இந்த 30,000ஐ அடைக்கத்தான் 15 இலட்சம் கேட்கத் தோன்றியது. புதுத் தவணையோடு துண்டு 32,500 ஆகும். மாதாமாதம் இவ்வளவையும் கடன் காசில் எடுத்தால் 15 இலட்சமும் 46 மாதங்களில், நான்கு வருடம் நிறைய முன்னரே, தீர்ந்துவிடும். அன்றைக்கும் துண்டு அப்படியே இருக்கும், கூடிய தவணை இன்னும் 14 வருடத்துக்கு இருக்கும்.

இப்போது கடன் எடுக்காமல் ஒன்று கேட்டுப் பார்ப்போம்: 12 மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்ட விடுங்கள். 80 இலட்சத்துக்கு மாத வட்டி 80,000. தவணையில் 25,000 இறங்குகிறது. 30,000 துண்டில் மிச்சம் 5,000. அதை ஒரு வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் பேசித் தீர்க்கலாம். இந்தச் சலுகையின் விலை என்ன? ஒரு வருடம் கழித்து அதே 80 இலட்சத்தை மீதி 11 வருடத்தில் கட்ட வேண்டும், தவணை 109,400 ஆகும், முன்னையதைவிட ஏறத்தாழ 4,400 கூட. கடன் முடியும்போது மொத்தமாகக் கூடுதலாகக் கட்டியது 2.7 இலட்சம் மட்டும். 66 இலட்சத்தையும் 2.7 இலட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு டொப் அப் விண்ணப்பத்தைக் கையில் எடுங்கள்.

வட்டி மாறும் கடனாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கொழும்பில் பெரும்பாலான வீட்டுக் கடன்கள் ஆரம்பத்தில் சில வருடங்கள் நிலையான வட்டியிலும், பிறகு மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு, அதாவது ஏ.டபிள்யூ.பி.ஆரோடு, ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு குறிப்பிட்ட வீதத்தைக் கூட்டியும் ஓடும். அந்த ஏ.டபிள்யூ.பி.ஆர். 2021 முடிவில் 9 வீதத்துக்குக் கீழே இருந்தது. 2022 முடிவில் 27 வீதத்தைத் தாண்டியது. அந்த வருடம் கொழும்பில் வீட்டுக் கடன் வைத்திருந்த யாருக்கும் அதை நினைவூட்டத் தேவையில்லை. 95 இலட்சத்தை 18 வருடத்துக்கு எடுத்தவருக்கு வட்டி 12இலிருந்து 15க்கு ஏறினாலே தவணை 127,000ஐத் தாண்டும். கடன் பெரிதாகவும் காலம் நீண்டதாகவும் இருக்க இருக்க, வட்டியின் ஒவ்வொரு ஏற்றமும் தவணையில் பலமாகத் தெரியும்.

இதோடு சேர்ந்த ஒரு பொறி: டொப் அப் கொடுக்கும்போது சில வங்கிகள் பழைய கடனை மூடி, எல்லாவற்றையும் ஒரே புதுக் கடனாக எழுதும். நல்ல காலத்தில் ஏ.டபிள்யூ.பி.ஆரோடு 1.5 வீதம் என்று எழுதிவைத்த பழைய வட்டி அதோடு போய், முழுத் தொகைக்கும் ஏ.டபிள்யூ.பி.ஆரோடு 3 என்று வந்துவிடலாம். 80 இலட்சத்துக்கு ஒன்றரை வீதம் என்பது வருடத்துக்கு 120,000 ரூபா. ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி: பழைய கடனின் வட்டியும் காலமும் அப்படியே இருக்குமா, புதுத் தொகை வேறு கணக்கு எண்ணில் ஓடுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வங்கிக்கு எழுதும் கடிதம்

முதல் தவணை தவற முன்னரே போக வேண்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. தவணை 90 நாள் பிந்தினால் அது செயற்படாக் கடன் என்று வகைப்படுத்தப்படும். அதற்குப் பிறகு உங்களோடு பேசுவது கிளையில் உங்களைத் தெரிந்த உத்தியோகத்தராக இருக்காது, அறவிடும் பிரிவாக இருக்கும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், பராட்டே என்று எல்லோரும் சொல்வது, வங்கிக்கு நீதிமன்றம் போகாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் பேரில் ஈட்டு வைத்த ஆதனத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரம் இருக்கிறது. அந்த நிலை வருவதற்கு நாள் எடுக்கும், ஆனால் அந்தப் பாதையின் முதல் படி தவணை தவறிய பிறகும் பேசாமல் இருப்பதுதான்.

இங்கே ஒரு முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். இப்படித் தவணையை இறக்கி மறுசீரமைத்த கடனை வங்கி கொஞ்சக் காலத்துக்குக் கண்காணிப்பில் வைத்திருக்கும், கிரிப் அறிக்கையிலும் அது தெரியவரலாம். அந்தக் காலத்தில் புதுக் கடன் கேட்டால் கிடைப்பது கடினம். ஆகவே சலுகையோடு ஒரு சிறு தொகையும் கட்டாயம் வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். இன்று வட்டிச் சலுகை, மூன்று மாதம் கழித்து டொப் அப் என்று போனால் இரண்டாவது கதவு மூடியிருக்கும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்:

“எனது வீட்டுக் கடனின் தவணைகள் இதுவரை ஒன்றும் பிந்தவில்லை. ஜூன் மாதம் முதல் எமது குடும்பத்தின் மாத வருமானம் ரூ. 280,000இலிருந்து ரூ. 190,000 ஆகக் குறைந்துள்ளது. தொழில்தருநரின் கடிதமும் கடந்த மூன்று மாதச் சம்பளப் பட்டியலும் இணைக்கப்பட்டுள்ளன. அடுத்த 12 மாதங்களுக்கு வட்டியை மட்டும் செலுத்தவும், அதன்பின் மீதித் தொகையைத் தற்போதைய முடிவுத் திகதிக்குள்ளேயே செலுத்தி முடிக்கவும் அனுமதி கோருகிறேன். குடும்ப வரவு செலவு விவரம் மறுபக்கத்தில் உள்ளது.”

இதில் நான்கு விடயங்கள் இருக்கின்றன: எவ்வளவு குறைந்தது, எப்போதிலிருந்து, என்ன வேண்டும், எவ்வளவு காலத்துக்கு. “ஏதாவது உதவி செய்யுங்கள்” என்று முடிகிற கடிதத்தை உத்தியோகத்தர் எந்தப் பிரிவுக்கு அனுப்புவார்? “தற்போதைய முடிவுத் திகதிக்குள்ளேயே” என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் காலம் நீட்டப்படும். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் தலைமை அலுவலகத்தில் கோப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நகரும், ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் வங்கியின் முத்திரையும் திகதியும் போட்டு வாங்குங்கள். பதில் வராமல் இழுபட்டால், அல்லது கேட்டதற்கு மாறாக ஏதாவது நடந்தால், முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் போக வேண்டும். அதற்கும் மேலே மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த முத்திரை போட்ட பிரதிதான்.

பழைய சம்பளப் பட்டியலைக் கொடுத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்குக்கூற்றில் சம்பளம் எவ்வளவு விழுகிறது என்று தெரியும், ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பும் காட்டிக்கொடுக்கும். கிரிப்பை “கிளீன்” பண்ணித் தருவதாகச் சொல்லும் தரகர்களும் அப்படித்தான். கிரிப்பில் உள்ள பதிவை மாற்றக்கூடியது கடன் கொடுத்த நிறுவனம் மட்டுமே. பிழை இருந்தால் உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே எடுத்து, அந்த நிறுவனத்திடமும் கொடுகடன் தகவல் பணியகத்திடமும் முறையாகத் திருத்தம் கேட்கலாம். அதற்குத் தரகர் தேவையில்லை. விண்ணப்பிக்க முன் எப்படியும் அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கட்டி முடித்த கடன் ஒன்று இன்னும் மூடப்படாமல் நிற்பதும், மறந்துபோன காசோலைத் திரும்பல் ஒன்று கிடப்பதும் அபூர்வம் இல்லை.

எந்த வருமானம் கணக்கில் வரும்

சம்பளக்காரருக்கு இது நேரானது. கடைக்காரருக்கு வேறு. புறக்கோட்டையில் நாளாந்தம் காசாக வரும் விற்பனை, வங்கிக் கணக்கில் விழாவிட்டால், வங்கிக்கு அது இல்லாத வருமானம். வியாபாரப் பதிவு, வருமான வரி விவரத்திரட்டு, ஒரு வருடக் கணக்குக்கூற்று மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வரிக்குக் குறைத்துக் காட்டிய வருமானத்தைக் கடனுக்குக் கூட்டிக் காட்ட முடியாது.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன் மாதாமாதம் அனுப்பும் காசும் இப்படித்தான். வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில் வந்தால் எந்த வங்கியும் அதை ஏற்காது. அதே காசு அவரின் பெயரிலிருந்து உங்கள் கணக்குக்கு வங்கி வழியாக ஆறு மாதத்துக்கு மேல் ஒரே சீராக வந்திருந்தால் பல வங்கிகள் வருமானத்தில் ஒரு பங்காக எடுக்கும். வருமானம் குறையப் போகிறது என்று தெரிந்த நாளிலேயே அண்ணனுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்திருந்தால் எழுத்து ஒப்பந்தமும் வங்கியில் விழும் வாடகையும் அதே மாதிரி உதவும்.

பத்திரங்களில் இடறும் இடங்கள்

உங்கள் ஈட்டு முறியின், அதாவது வீட்டை வங்கிக்கு ஈடு வைத்து எழுதிய பத்திரத்தின், பிரதியை எடுத்து, அதில் எழுதியிருக்கும் தொகையைப் பாருங்கள். முறி 100 இலட்சத்துக்கு எழுதப்பட்டு, மீதி 80 இலட்சமாக இருந்தால், முறியின் வாசகம் இடங்கொடுத்தால், இடைவெளிக்குள் எடுக்கும் தொகைக்குப் புது முறி தேவைப்படாமல் போகலாம். அப்படியானால் நொத்தாரிசுக் கட்டணம், முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு எல்லாம் மிச்சம். தேவைப்பட்டால் அதே வங்கிக்கு இரண்டாவது ஈடாக எழுதுவார்கள். வேறு வங்கியில் இரண்டாவது ஈடு வைப்பதற்கு முதல் வங்கியின் சம்மதம் வேண்டும், நடைமுறையில் அது இலகுவில் நடக்காது. கடனையே வேறு வங்கிக்கு மாற்றலாம்தான், ஆனால் முன்கூட்டியே தீர்ப்பதற்கான கட்டணம், பழைய ஈட்டை விடுவிக்கும் செலவு, புது ஈட்டை எழுதும் செலவு மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வட்டி வித்தியாசத்தைப் பேச வேண்டும்.

மதிப்பீட்டாளர் வரும் நாளில் வீட்டில் இருங்கள். அவர் பார்ப்பது நிறப்பூச்சை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட படத்தில் இருப்பதும் கண்முன் நிற்பதும் ஒன்றா என்று அளப்பார். பல்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால், மொட்டைமாடியில் தகரம் போட்டு ஓர் அறை எழுப்பியிருந்தால், அனுமதி இல்லாத பகுதியைப் பெறுமதியில் சேர்க்க மாட்டார். சிலவேளை அதுவே கோப்பை நிறுத்திவிடும். கட்டடத்துக்கு மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் இல்லாத, தொடர்மாடியாகப் பதியப்படாத வீடுகள் கொழும்பில் இருக்கின்றன. முதல் கடன் கொடுத்த காலத்தில் கண்டுகொள்ளாமல் விட்டதை இப்போது வங்கிச் சட்டத்தரணி கேட்கலாம். சோலைவரி நிலுவை, பராமரிப்புக் கட்டண நிலுவை இரண்டையும் முன்னரே கட்டி, பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள். ஒழுங்கையை அகலப்படுத்தும் திட்டம் உங்கள் மதிலை வெட்டுகிறதா என்பது வீதிக்கோட்டுச் சான்றிதழில் தெரியும்.

உறுதியில் இரண்டு பெயர் இருந்தால் இருவரும் ஒப்பமிட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாக ஒப்பமிட இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம், வேண்டும். அதில் ஈடு வைக்கும் அதிகாரம் சொல்லால் எழுதப்பட்டிருக்க வேண்டும், பதியப்பட்டிருக்கவும் வேண்டும். “எனது ஆதனங்களைப் பராமரிக்க” என்று மட்டும் எழுதிய பழைய தத்துவத்தை வைத்துக்கொண்டு வந்து, வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண்ணின் பெயரில் உறுதி இருந்தால் கணவரின் எழுத்துச் சம்மதத்தையும் சட்டத்தரணி கேட்கக்கூடும்.

எதற்கு எடுப்பது

இவ்வளவுக்குப் பிறகும் டொப் அப் பொருந்தும் இடங்கள் உண்டு. தொகை தெரிந்த, ஒருதரம் செலவழிந்தால் முடிந்துவிடுகிற தேவைகள்: மேல்மாடி ஒழுக்கு கீழ்வீட்டுச் சுவரை நனைக்கிறது, சத்திரசிகிச்சை ஒன்று தள்ளிப்போட முடியாது, அடகு நகை ஏலத்துக்குப் போகப்போகிறது. வீடு திருத்துவதற்கு என்றால் ஒப்பந்தக்காரரின் விவரமான செலவு மதிப்பீட்டைக் கொடுங்கள். வீட்டுத் தேவைக்கான வட்டி, சொந்தத் தேவைக்கு வீட்டை ஈடு வைத்து எடுக்கும் கடனின் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவு.

கடன் அட்டையில் சிக்கியிருப்பவருக்கும் இது உதவும். அட்டையில் 6 இலட்சம் நிலுவை, வட்டி வருடத்துக்கு 26 வீதம் என்றால், ஒரு ரூபா முதல் குறையாமலே மாதம் 13,000 வட்டியாகப் போகிறது. அதை 12 வீதத்தில் மூன்று வருடக் கடனாக மாற்றினால் மாதம் 20,000 கட்டி முழுதாக முடிக்கலாம், மொத்த வட்டி 1.2 இலட்சத்துக்குள். இரண்டு நிபந்தனை: காசு உங்கள் கைக்கு வராமல் வங்கியே நேரடியாக அட்டைக் கணக்கைத் தீர்க்க வேண்டும், அன்றே அட்டையை மூட வேண்டும். அட்டை திறந்திருந்தால் இரண்டு வருடத்தில் அட்டையிலும் ஆறு இலட்சம், வீட்டின்மேலும் ஆறு இலட்சம்.

வீட்டுத் தவணையை அட்டையில் காசு எடுத்துக் கட்டுவதை இன்றே நிறுத்துங்கள். வருமானம் குறைந்திருக்கும் நேரத்தில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டும் காசை வீட்டின்மேல் எடுக்கவும் வேண்டாம். விசா மறுக்கப்பட்டாலும் தவணை மாதாமாதம் வரும்.

வேலையில் இருந்துகொண்டு சம்பளம் மட்டும் குறைந்தவர்கள் ஊழியர் சேமலாப நிதியையும் நினைவில் வைத்திருங்கள். பத்து வருடச் சேவையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருந்தால், வீடு சார்ந்த தேவைக்கோ மருத்துவத்துக்கோ மீதியில் 30 வீதத்தை, உச்சமாக 20 இலட்சம் வரை, எடுக்கலாம். விண்ணப்பம் தொழில் திணைக்களத்துக்கு. அது முதுமைக்கான காசு, அதனால் கடைசிக் கை. ஆனாலும் திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு. வேலையை விடும் எண்ணம் இருந்தால் இதை வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

ஒப்பமிடும் நாள்

கடனின் நிபந்தனைகளை எழுதி வங்கி தரும் கடிதத்தை (ஓபர் லெட்டர்) வங்கியில் வைத்து வாசிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, இருவருமாக வாசியுங்கள். வட்டி எப்போது மாறும், எதோடு சேர்ந்து மாறும், தாமத வட்டி எவ்வளவு, முன்கூட்டித் தீர்த்தால் எவ்வளவு, கடைசித் தவணை எந்த மாதம் என்ற ஐந்தையும் பென்சிலால் கோடிடுங்கள். கடைசித் தவணை 60 வயதுக்குப் பிறகு விழுந்தால், எந்த வருமானத்தில் கட்டுவோம் என்பதை அன்றே பேசுங்கள். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 60 ஆக்கியிருக்கிறது.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது காப்புறுதி. வீட்டுக் கடனோடு வரும் ஆயுள் காப்புறுதி கடன் குறையக் குறையத் தானும் குறைகிற வகை. அது பழைய தொகைக்கும் பழைய காலத்துக்கும் எழுதப்பட்டது. கடனைக் கூட்டினாலோ, வட்டி மட்டும் கட்டி முதலை நிறுத்திவைத்தாலோ, காப்புறுதித் தொகை கடனைவிடக் கீழே போய்விடும். அந்த இடைவெளியில் கடன் எடுத்தவருக்கு ஏதாவது நேர்ந்தால் மிச்சம் குடும்பத்தின் தலையில். மேலே சொன்ன வட்டிச் சலுகையில் இடைவெளி சில இலட்சங்கள்தான் வரும், கடனைக் கூட்டிக் காலத்தையும் நீட்டினால் பல இலட்சங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, திருத்திய அட்டவணையைக் கேளுங்கள். மேலதிகக் கட்டுப்பணம் எவ்வளவு என்பதைத் தவணையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். புகை பிடிப்பதையோ சீனி வியாதியையோ மறைக்காதீர்கள், கோரிக்கை நிராகரிக்கப்படுவதற்கு அது போதும்.

முதலாவது புதுத் தவணை கழிந்த அடுத்த நாள் கணக்குக்கூற்றை எடுத்து, எவ்வளவு வட்டிக்குப் போனது, எவ்வளவு முதலுக்குப் போனது என்று அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வட்டி மட்டும் என்று இணங்கிய மாதத்தில் பழைய தவணை முழுதாகக் கழிந்திருப்பதும், மாதாமாதம் தவணையைத் தானாகக் கழிக்கும்படி கொடுத்த பழைய நிலையான கட்டளை (ஸ்டாண்டிங் ஓர்டர்) ரத்தாகாமல் இரண்டும் சேர்ந்து கழிந்திருப்பதும் நடக்கிறது. முதல் மாதத்திலேயே சொன்னால் ஒரு கடிதத்தோடு சரி பண்ணலாம்.